மீட்டிங்கில் வாய் திறக்க முடியாததற்கு டெஸ்டோஸ்டிரோன்தான் காரணமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் மட்டக்களப்பு. இரண்டு வருடமாக வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கொள்ளுப்பிட்டியில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சீமா (CIMA) என்ற கணக்கியல் பரீட்சைக்கு இரவில் படிப்பதால் படுக்க ஒன்றரை மணியாகும், ஆறரைக்கு எழும்ப வேண்டும். சிறு வயதிலிருந்தே நான் அமைதியானவன். ஊருக்குப் போனால் கூட்டாளிமாரோடு விடிய விடியக் கதைப்பேன். ஆனால் அலுவலக மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும். அங்கே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வாயே வராது. என்னோடு சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. ஜிம்மில் பயிற்சி தரும் அண்ணா, "உனக்கு டெஸ்டோ குறைவு, அதுதான் துணிவு இல்லை" என்றார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஓமோனைத்தான் சொல்கிறார். வேலை முடிந்து, தேநீரும் பற்றிஸும் சாப்பிட்டுவிட்டு, அதை அளக்க மாலை 5.40க்கு இரத்தம் கொடுத்தேன். 310 என்று வந்தது. பக்கத்தில் 264–916 என்று போட்டிருக்கிறது. வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியாகப் பன்னிரண்டு வாரம் போட்டால் ஆளே மாறிவிடலாம் என்கிறார் அந்த அண்ணா. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை எடுக்கிறேன், வேறு மருந்து இல்லை. என் சுபாவத்துக்கு இந்த ஓமோன்தான் காரணமா? ஊசி போடலாமா? எங்கள் பெரியண்ணாவுக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்கு இது கூடவா?

– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தம்பி, ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போட வேண்டாம். நீங்கள் எழுதியவற்றில் அதற்கான மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. போட்டால் உங்கள் உடலில் என்ன நடக்கும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இந்த வயதில் பலருக்கு இதே சந்தேகம் இருக்கிறது. வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பதிலை ஜிம்மிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 310 என்பது ஒரு டெசிலீற்றருக்கு 310 நனோகிராம். 264 முதல் 916 வரை என்ற எல்லை, உடல் பருமன் இல்லாத 19–39 வயது ஆண்களுக்காக வகுக்கப்பட்டது. அப்படிப் பார்த்தாலே நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். அதைவிட முக்கியம், அந்த எல்லையைக் காலையில் எடுத்த இரத்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பகல் போகப் போக இறங்கும். முப்பதுகளில் இருக்கும் ஆண்களிலேயே மாலை நான்கு மணி அளவு, காலை எட்டு மணி அளவைவிட 20 முதல் 25 வீதம் குறைவாக இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் 310, காலையில் பார்த்திருந்தால் 390க்கும் 410க்கும் இடையில் வந்திருக்கக்கூடும்.

அதோடு நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ கால் பங்கு இறங்கி, இரண்டு மணி நேரம் வரை அப்படியே நின்றது. தேநீரின் சீனியும் பற்றிஸின் மாவும் குளுக்கோஸாகித்தான் இரத்தத்துக்குப் போகின்றன.

நித்திரை அடுத்தது. நீங்கள் ஐந்து மணி நேரம் படுக்கிறீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் குறைந்தது. அது ஒரு வாரத்தில் நடந்தது. நீங்கள் மாதக்கணக்கில் அப்படி இருக்கிறீர்கள்.

பயோட்டின் குளிசை எதிர்ப்பக்கம் இழுக்கும். சில பரிசோதனை இயந்திரங்கள் பயோட்டினை வைத்தே அளக்கும் முறையில் இயங்குகின்றன. முடி, நகத்துக்கென்று விற்கும் 5, 10 மில்லிகிராம் குளிசைகளை எடுப்பவரின் இரத்தத்தில் இருக்கும் பயோட்டின் அந்த அளவீட்டைக் குழப்பும். டெஸ்டோஸ்டிரோனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். எல்எச் (விதையைச் சுரக்கத் தூண்டும் ஓமோன்), டிஎஸ்எச் (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோன்) ஆகியவற்றைக் குறைத்துக் காட்டும். ஆகவே உங்கள் 310 கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். அந்தத் தாளை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

கூட்டாளியின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஓர் ஆய்வுகூடம் 310 என்று தருவதை இன்னொன்று லீற்றருக்கு 10.7 நனோமோல் என்று தரும், மற்றொன்று மில்லிலீற்றருக்கு 3.1 நனோகிராம் என்று தரும். மூன்றும் ஒன்றே. அலகைப் பார்க்காமல், "எனக்கு மூன்றுதான் வந்திருக்கிறது" என்று பயந்து ஊசிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் பிரதான கேள்வி. ஓமோன் அளவுக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. அதிகம் ஆராயப்பட்டது ஆக்ரோஷம். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஆக்ரோஷத்துக்கும் இடையிலான ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 2005இல் 0.08 என்று வந்தது; 2020இல் இன்னும் பெரிய தொகுப்பில் 0.05 அளவில் வந்தது. நீங்கள் கணக்குப் படித்தவர், 0.08ஐ வர்க்கித்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்த ஓமோன் விளக்கவில்லை. கலகலப்பு, கூச்சம், முன்னுக்கு நிற்கும் சுபாவம் ஆகியவற்றில் கிடைத்த தொடர்புகளும் சின்னஞ்சிறியவைதான், அவையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பெரிய கூட்டத்தின் சராசரியில் தென்படும் இப்படியொரு மெல்லிய போக்கை வைத்து, ஒரு தனி மனிதரின் சுபாவத்தைப் படிக்க முடியாது. விரல் நீளத்தை வைத்துக் குணம் சொல்லும் வீடியோக்களுக்கும் இதே பதில்தான். பெரியண்ணாவின் கோபத்துக்கும் அப்படியே. அவருக்கு நித்திரை, மது, கடன் சுமை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பாருங்கள். ஆண்களில் மனச்சோர்வு பல வேளை எரிச்சலாகத்தான் வெளியே தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாழ்க்கையும் ஓமோனை மாற்றும். போட்டிக்கு முன் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். முடிந்தபின், சராசரியாகப் பார்த்தால், வென்றவரிடம் தோற்றவரைவிடக் கூடுதலாக நிற்கும். சதுரங்க வீரர்களில்கூட இதைக் கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபுவில் 600க்கு மேற்பட்ட இளைஞர்களை, உங்கள் வயதளவில், 2005இலும் திரும்ப 2009இலும் அளந்தார்கள். இடையில் கல்யாணம் செய்து அப்பா ஆனவர்களுக்குத்தான் அளவு மிகக் கூடுதலாக இறங்கியிருந்தது. பிள்ளையோடு கூடுதல் நேரம் இருந்தவர்களுக்கு இன்னும் குறைவு. அவர்கள் கோழைகளாகிவிடவில்லை. வாழ்க்கை மாறியது, உடல் அதற்கேற்ப மாறிக்கொண்டது. பதவி உயர்வு கிடைக்காத ஏமாற்றம், பரீட்சைப் பயம், குறை நித்திரை இவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒருவரிடம் எண் சற்றுத் தாழ்ந்து வந்தால், அந்த எண்தான் இவற்றுக்கெல்லாம் காரணம் என்று சொல்வது கணக்கைத் தலைகீழாகப் போடுவதாகும்.

ஊசி போட்டால் ஆள் மாறுமா என்பதையும் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 1996இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். இது சிகிச்சை அளவின் பல மடங்கு. யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று ஊசி என்று தெரியாதபடி வைத்ததில், கோபத்தில் மாற்றம் தெரியவில்லை. 2000இல் வெளியான இன்னொரு ஆய்வில் அதே அளவுவரை ஏற்றியபோது, 84 வீதமானவர்களிடம் மனநிலை மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். 12 வீதமானவர்களுக்கு மிதமான மாற்றம். 4 வீதமானவர்களுக்கு மட்டும் நித்திரை இல்லாமல், அடங்காத வேகத்தில், பொறுமை இழந்து நடக்கும் நிலை வந்தது. யார் அந்த நாலு வீதத்தில் விழுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அமைதியான ஒருவர் ஊசியால் துணிவாகப் பேசத் தொடங்கினார் என்று இந்த ஆய்வுகள் காட்டவில்லை.

பிறகு ஏன் ஜிம்மில் சிலர் "ஆளே மாறிவிட்டேன்" என்கிறார்கள்? தசை கூடுகிறது, சட்டை இறுகுகிறது, அதனால் வரும் தெம்பு உண்மையானது. மிச்சத்தில் நம்பிக்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2010இல் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பணத்தைப் பங்கிடும் விளையாட்டில், தமக்கு டெஸ்டோஸ்டிரோன் தரப்பட்டது என்று நம்பியவர்கள் அநியாயமாகப் பங்கிட்டார்கள். உண்மையில் அது தரப்பட்டவர்களோ கூடுதல் நியாயமாகப் பங்கிட்டார்கள். இந்த ஓமோனைப் பற்றி ஊரில் உள்ள கதையே ஒருவரின் நடத்தையை மாற்றப் போதும்.

உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய தடயம் வேறு இடத்தில் இருக்கிறது. மட்டக்களப்பில் கூட்டாளிமாரோடு விடிய விடியக் கதைப்பவர், கொள்ளுப்பிட்டி மீட்டிங்கில் ஆங்கிலத்தில் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். இரத்தத்தில் ஓடும் ஓமோன் இடத்துக்கும் மொழிக்கும் ஏற்ப இப்படி விலகி நிற்காது. ஓமோன் பற்றாக்குறை என்றால் அது ஊருக்கும் பஸ்ஸேறிக் கூடவே வந்திருக்கும். உற்சாகம், ஆசை, உடல் தெம்பு எல்லாமே எல்லா இடத்திலும் மங்கியிருக்கும். நெஞ்சு படபடப்பு, கை வியர்வை, குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் வருவது ஆகியவை சமூகப் பதற்றத்தின் அடையாளங்கள். அதற்குமேல் இரண்டாம், மூன்றாம் மொழியில் தொழில் பேசும் கூச்சமும் சேர்ந்திருக்கிறது. கொழும்புக்கு வெளியே தமிழில் படித்து வந்த பலருக்கு இது இருக்கிறது. அதைக் குணக்குறையென்றோ ஆண்மைக் குறையென்றோ யாரும் பெயர் வைக்க விடாதீர்கள்.

ஆனாலும் உண்மையான ஓமோன் குறைபாடு இளைஞர்களிலும் உண்டு. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அதன் அறிகுறிகள் உடலில்தான் முதலில் தெரியும். காலையில் விழிக்கும்போது வரும் விறைப்பு குறைவது அல்லது நிற்பது, பாலுணர்வு தெளிவாக மங்குவது, தாடி மழிக்க வேண்டிய இடைவெளி நீள்வது, மார்பு பெண்களைப் போல வீங்கி நோவது, விதைகள் சிறிதாக இருப்பது. பெரிய ஆணின் விதை பொதுவாக 15 முதல் 25 மில்லிலீற்றர் இருக்கும். பிறவியிலேயே ஓர் எக்ஸ் நிறப்புரி (குரோமோசோம்) கூடுதலாக உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் ஐந்தாறு மில்லிலீற்றருக்கு மேல் போகாது. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இந்த நிலை இருக்கிறது; பலர் பிள்ளை இல்லையென்று பரிசோதிக்கும்போதுதான் அறிகிறார்கள். பருவ வயதில் கூகைக்கட்டு (பொன்னுக்குவீங்கி) வந்து விதை வீங்கியிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். மணம் தெரியாதிருப்பது, மார்புக் காம்பில் பால் போலக் கசிவது, தலையிடியோடு பக்கப் பார்வை குறைவது ஆகியவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. அவை மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பிப் பக்கத்துப் பிரச்சினையைக் காட்டலாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலோ, சந்தேகம் மனதை அரித்துக்கொண்டே இருந்தாலோ பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், இம்முறை ஒழுங்காக. பயோட்டினை மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். டெங்கு, காய்ச்சல் ஏதும் வந்திருந்தால் நன்றாகத் தேறி ஒரு மாதமாவது போகட்டும், ஏனென்றால் நோய் நேரத்தில் இந்த ஓமோன் தானாக இறங்கும். முந்திய ஒரு வாரமாவது ஏழு மணி நேரம் தூங்குங்கள். வெறும் வயிற்றில், காலை 7க்கும் 10க்கும் இடையில் இரத்தம் கொடுங்கள். குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில், அதே ஆய்வுகூடத்தில், இன்னொரு முறை. இரண்டு காலையும் குறைந்தால்தான் அது குறைவு.

அப்படி வந்தால், மேற்கொண்டு பார்க்க வேண்டியவை எல்எச், எஃப்எஸ்எச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஓமோன்), புரோலக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஓமோன்), எஸ்எச்பிஜி (டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதம்), தைரொயிட்டுக்கு டிஎஸ்எச். டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களில் ஒட்டியே ஓடுகிறது. இரண்டு வீதமளவே ஒட்டாமல் இருக்கிறது. அந்தப் புரதங்களில் ஒன்றான எஸ்எச்பிஜி உடல் பருமனில் இறங்கும், தைரொயிட் கூடினால் ஏறும். அதனால் மொத்த அளவு ஒருவரில் குறைவாகத் தெரிந்தும் ஒட்டாத பகுதி சரியாக இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் கூடினால் கோளாறு விதையில். இரண்டும் குறைந்தால் கபச்சுரப்பியிலோ அதற்கு மேலேயோ. டிஎஸ்எச் உங்களுக்கு எப்படியும் ஒரு முறை பார்ப்பது நல்லது. தைரொயிட் கூடுதலாகச் சுரந்தால் படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், முடி கொட்டுதல் எல்லாம் வரும், பதற்றம் போலவே தோன்றும். ஆனால் அது மீட்டிங் இல்லாத நாளிலும் வரும்.

இப்போது ஊசியின் வேலை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி எல்எச் அனுப்பினால் விதை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். மாடித் தண்ணீர்த் தாங்கியில் மிதவை மேலே வந்ததும் குழாய் அடைபடுவது போல, இரத்தத்தில் அளவு ஏறியதும் கபச்சுரப்பி எல்எச்சை நிறுத்திவிடும். ஊசியால் ஏற்றினாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எல்எச், எஃப்எஸ்எச் நின்றதும் விதை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுக்கும். இது எப்போதாவது நடக்கும் பக்கவிளைவென்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம் போட்டதில், ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆண்களுக்கு விந்தணு பூச்சியத்துக்குப் போனது. ஆசிய ஆண்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மீண்டது, சிலருக்கு இரண்டு வருடம் எடுத்தது. அவை கண்காணிப்பில் சுத்தமான மருந்து பெற்றவர்களின் கணக்கு. ஜிம்மில் அளவும் கூட, கலவையும் கூட.

பன்னிரண்டாம் வாரம் முடிந்து ஊசி நின்றதும் வெளியிலிருந்து வருவது தீரும், உள்ளே சுரப்பது இன்னும் எழுந்திருக்காது. அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீளலாம். அப்போதுதான் சோர்வு, ஆசையின்மை, மனம் விழுதல் எல்லாம் வரும். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் இரண்டாவது சுற்றைத் தொடங்குகிறார்கள். இன்று உங்களிடம் இல்லாத குறைபாட்டை ஊசி உங்களுக்கு உண்டாக்கிவிடும். இரத்தம் தடிப்பது, பரு, முடி இன்னும் வேகமாகக் கொட்டுவது, மார்பு வீங்குவது ஆகியவையும் சேரும். டெஸ்டோஸ்டிரோன் வைத்தியரின் மருந்துத்துண்டுக்கு மட்டுமே தரப்பட வேண்டிய மருந்து. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இல்லாத குப்பியில் என்ன இருக்கிறது, எந்த எண்ணெயில் கரைத்தார்கள் என்பது போடுகிறவருக்கே தெரியாது. ஊசி போட்ட இடம் சீழ்பிடிப்பது அதனால்தான்.

மீட்டிங் பயத்துக்கு நேரான வழி உண்டு. பதற்றம் எப்படி நிலைத்து நிற்கிறது என்று பாருங்கள். கூட்டம் தொடங்கியதும் உங்கள் கவனம் முழுவதும் உங்கள் மேலேயே திரும்பும்: குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, வசனத்தில் பிழை வருமா. மற்றவர் சொல்வது பாதி காதில் விழாது. பிறகு தப்பிக்கும் சின்னச் சின்ன வேலைகள்: கோப்பையை இறுகப் பிடிப்பது, குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக் குனிவது, ஒரே வசனத்தை மனதுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பது. ஒத்திகை முடியும் முன் பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடும். அன்று தப்பித்த நிம்மதிதான் அடுத்த வாரப் பயத்துக்குத் தீனி.

அடுத்த மீட்டிங்கில் உங்கள் வேலை ஒன்றே ஒன்று. முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி கேளுங்கள். கருத்துச் சொல்ல வேண்டாம், கேள்வி போதும். "அந்தக் கோப்புக்குக் கடைசித் திகதி எது?" என்பதை ஆங்கிலத்தில் முதல் நாளே எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தாளைப் பையில் வையுங்கள். பேசும்போது பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள், உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். போகும் முன் "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். வந்தபின் "என்ன நடந்தது" என்று ஒரு வரி. இதை நாலைந்து மீட்டிங் செய்தபின் ஒரு வசனக் கருத்து, அதன்பின் இரண்டு நிமிட விளக்கம். பலர் முதல் வாரத்திலேயே பெரிய உரையாற்றப் போய், தடுமாறி, பிறகு ஆறு மாதம் ஒதுங்கிவிடுகிறார்கள். படி சிறிதாக இருக்கட்டும், ஆனால் வாரம் தவறக்கூடாது. பேசும் ஆங்கிலத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒருவரோடு அரை மணி நேரம் வாய்விட்டுப் பழகுங்கள். இலக்கணப் புத்தகம் இதற்கு உதவாது.

பயம் சாப்பாட்டையும் நித்திரையையும் கெடுக்கிறது, வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் மனநல வைத்தியரைப் பாருங்கள். இதற்கான உளவியல் சிகிச்சை பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். தேவையானால் வைத்தியர் குளிசையும் தருவார், அது வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், உங்களுக்கு இன்னும் கிட்டவாக களுபோவில போதனா வைத்தியசாலையிலும் கட்டணமின்றிக் காட்டலாம். வெளிநோயாளர் பிரிவில் பதிந்து விடயத்தைச் சொன்னால் உரிய கிளினிக்குக்கு அனுப்புவார்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஓமோன் சந்தேகத்துக்கு அகச்சுரப்பியியல் வைத்தியர்.

நித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பதினொன்றரைக்குப் படுத்து ஆறரைக்கு எழும்புங்கள். சீமா பாடத்தை வார இறுதிக் காலை நேரங்களுக்கு மாற்றுங்கள். ஒன்றரை மணிவரை கண் எரியப் படித்தது தலையில் நிற்பதும் குறைவு.

கடிதம் எழுதியபின் ஓர் ஊசியாவது போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அடுத்ததைப் போடாதீர்கள். போட்ட மருந்தின் பெயர், அளவு, திகதி மூன்றையும் எழுதி, குப்பியைப் படம் எடுத்துக்கொண்டு அகச்சுரப்பியியல் வைத்தியரிடம் போங்கள். ஊசி எண்ணெயில் உள்ளது வாரக்கணக்கில் உடலில் இருக்கும். அந்த நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் ஊசியின் அளவுதான் தெரியும், உங்களுடையது தெரியாது. எப்போது அளப்பது என்பதை அவர் சொல்வார். போட்ட இடம் சிவந்து சூடாகி நோவெடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.